அறுபதுகளின் ராக் படங்கள்: யார் எடுத்திருந்தாலும் அப்படித்தான் வந்திருக்குமா?

மார்ச் 3

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டது: "ரோலிங் ஸ்டோன்ஸ் என்ற இங்கிலாந்து ராக் குழுவின் 1965, 66 வருஷத்துப் படங்களைப் பற்றி ஏன் இவ்வளவு பேச்சு? எடுத்தவர் ஜெரட் மாங்கோவிட்ஸ், அப்போது 18 வயதுப் பையன். அப்பா பிரபல எழுத்தாளர், அதனால் கதவு திறந்தது. மிக் ஜாகர் முகமும் கீத் ரிச்சர்ட்ஸ் முகமும் இருந்தால் யார் எடுத்தாலும் படம் நன்றாகத்தான் வரும். படக்காரரின் பெயரை எதற்குத் தூக்கிப் பிடிக்க வேண்டும்?"

மார்ச் 4, காலை

தம்பி சொல்வதில் பாதியை முதலிலேயே ஒத்துக்கொள்கிறேன். அப்பா வுல்ஃப் மாங்கோவிட்ஸ் நாடகமும் திரைக்கதையும் எழுதியவர். வீட்டுக்கு வந்து போகிறவர்களில் நடிகர் பீட்டர் செல்லர்ஸ் ஒருவர். செல்லர்ஸுக்குக் கேமராப் பைத்தியம். அவர் கொண்டுவந்த ஹாசல்பிளாட்டைப் பார்த்துத்தான் இந்தப் பையனுக்கும் ஆசை பற்றிக்கொண்டது. பதினைந்து வயதில் எந்தத் தேர்விலும் தேறாமல் பள்ளியை விட்டு வெளியே வந்தவனை, கேமரா பிரஸ் என்ற பட நிறுவனத்தை நடத்திய டாம் பிளா பயிற்சிக்குச் சேர்த்துக்கொண்டார். சாதாரண வீட்டுப் பையனுக்கு இதெல்லாம் நடக்காது. சரி.

ஆனால் "யார் எடுத்தாலும்" என்ற இடத்தில் எனக்கு ஒப்புதல் இல்லை. ஏனென்றால் மற்றவர்களும் எடுத்திருக்கிறார்கள். ஸ்டோன்ஸின் முதல் ஆல்பத்தின் அட்டைப்படம் நிக்கலஸ் ரைட் எடுத்தது, 1964. இரண்டாவது டேவிட் பெய்லி, 1965 ஜனவரி. பெய்லி அப்போதே பெரிய ஆள், ஃபேஷன் உலகத்தின் செல்லப்பிள்ளை. இரண்டும் நல்ல படங்கள். இருட்டிலிருந்து ஐந்து முகங்கள் நம்மை முறைக்கின்றன. அதற்குப் பிறகும் அவர்களுடைய மேலாளர் ஆண்ட்ரூ லூக் ஓல்டம் இந்தப் பையனைத் தேடி வந்தார். எதற்கு வந்தார் என்று பார்த்தால் விஷயம் பிடிபடும்.

மாங்கோவிட்ஸ் அதற்கு முன் பாடகி மரியான் ஃபெய்த்ஃபுல்லை லண்டன் செயின்ட் மார்ட்டின்ஸ் லேனில் இருக்கும் சாலிஸ்பரி மதுக்கடையில் வைத்து எடுத்திருந்தார். செதுக்கிய கண்ணாடி, பித்தளை விளக்குகள், நடுவே பள்ளிக்கூடப் பெண் மாதிரி அவர். ஸ்டுடியோவின் வெள்ளைத் துணிக்கு முன்னால் நிற்க வைத்த படம் அல்ல அது. ஓல்டம் அந்தப் படங்களைப் பார்த்த பிறகுதான் ஸ்டோன்ஸ் வேலை வந்தது.

மார்ச் 4, இரவு

வயசுக் கணக்கு ஒன்றையும் போட்டு வைக்கிறேன். 1965 தொடக்கத்தில் மாங்கோவிட்ஸுக்கு 18. மிக், கீத், ஓல்டம் மூவருக்கும் 21. டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸுக்கு 23. பேஸ் கிதார்க்காரர் பில் வைமன் ஒருத்தருக்குத்தான் 28, அந்தக் கூட்டத்தில் அவர் பெரியப்பா. அந்த அறையில் யாரையும் பார்த்து "சார்" என்று எழுந்து நிற்க வேண்டிய அவசியம் யாருக்கும் இல்லை.

மார்ச் 7

முதல் அமர்வு மேசன்ஸ் யார்டில் இருந்த அவருடைய ஸ்டுடியோவிலும் பக்கத்துத் தெருக்களிலும் நடந்தது. மேசன்ஸ் யார்ட் என்பது செயின்ட் ஜேம்ஸ் பகுதிக்குள் ஒளிந்திருக்கும் ஒரு சின்ன முற்றம். ஸ்காட்ச் ஆஃப் செயின்ட் ஜேம்ஸ் என்ற இரவு விடுதியும் அங்கேதான். அமெரிக்க கிதார் கலைஞர் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் லண்டன் வந்து இறங்கிய அன்றே, 1966 செப்டம்பர் 24, அங்கே வாசித்தார். இண்டிகா என்ற ஓவியக்கூடமும் அதே முற்றத்தில். பீட்டில்ஸ் குழுவின் ஜான் லென்னன் தன் பின்னாள் மனைவி யோகோ ஓனோவை முதலில் பார்த்தது அங்கே, அதே ஆண்டு நவம்பரில். ஸ்டுடியோவுக்கு வாடகைக்கு இடம் பிடிப்பதென்றால் இப்படிப் பிடிக்க வேண்டும்.

அந்த அமர்வின் முக்கியப் படம் பக்கத்திலுள்ள ஆர்மண்ட் யார்டில் எடுத்தது. கட்டட வேலை நடக்கும் இடத்தில் இரண்டு பலகைகளுக்கு நடுவே ஓர் இடுக்கு. ஐந்து பேரையும் அதற்குள் அடைத்துவிட்டார். படத்தின் இரு பக்கமும் பலகை, நடுவே முகங்கள். இங்கிலாந்தில் 1965 செப்டம்பரில் வந்த 'அவுட் ஆஃப் அவர் ஹெட்ஸ்' அட்டை அதுதான். அமெரிக்காவில் அதே படம் டிசம்பரில் வேறொரு ஆல்பத்துக்குப் போனது.

இதில் எனக்குப் பிடித்தது: முன்னால் நிற்பது கிதார் வாசிக்கும் பிரையன் ஜோன்ஸ். பாடகர் மிக் பின்னால் தள்ளப்பட்டிருக்கிறார். நம் ஊரில் ஒரு குழுவைப் படம் எடுக்கப் போனால், பாடகரை நடுவில் நிற்க வை, தபேலாக்காரர் ஓரம் போகட்டும் என்று யாராவது ஒருத்தர் கட்டாயம் சொல்வார். பெரும்பாலும் பாடகரே சொல்வார்.

மார்ச் 8

ஹாசல்பிளாட் பற்றித் தனியாக எழுதச் சொல்லி ஒருவர் கேட்டார். எழுதலாம். எனக்கும் அது பிடித்த சங்கதி.

நான் வேலை பழகிய ஸ்டுடியோவில் ஹாசல்பிளாட் கிடையாது. யாஷிகா இரட்டைக் கண் கேமரா இருந்தது. 120 ரோல், பன்னிரண்டு படம், ஆர்வோ ஃபிலிம். ஹாசல்பிளாட்டுக்கு ஒற்றைக் கண், ஆனால் குனிந்து பார்க்கும் பழக்கமும் சதுரப் படமும் இரண்டுக்கும் பொது. கேமராவை வயிற்றுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு மேலிருந்து தேய்த்த கண்ணாடியைப் பார்க்க வேண்டும். அதில் இடது வலதாகவும் வலது இடதாகவும் தெரியும். ஆள் வலப்பக்கம் நகர்ந்தால் கண்ணாடியில் இடப்பக்கம் ஓடுவார். புதிதாய்ப் பழகுகிறவர்கள் கல்யாண மண்டபத்தில் தள்ளாடுவதைப் பார்த்திருக்கிறேன்.

இதனால் இரண்டு காரியம் நடக்கிறது. ஒன்று, கேமரா முகத்தை மறைப்பதில்லை. எடுப்பவன் தலை நிமிர்ந்து எதிரில் இருப்பவரிடம் பேசிக்கொண்டே விரலை அழுத்தலாம். 35 மில்லிமீட்டர் கேமராவைக் கண்ணில் ஒட்டிக்கொண்டவன் முகமூடி போட்டவன். இவன் அப்படியில்லை.

இரண்டு, படம் வயிற்று உயரத்திலிருந்து விழுகிறது. நிற்கிறவர்கள் உயரமாகத் தெரிவார்கள், கீழ்நோக்கி நம்மைப் பார்ப்பார்கள். ஸ்டோன்ஸின் அந்தக் காலத்து நிற்கும் படங்களில் ஒரு திமிர் இருக்கிறதல்லவா? அதில் கொஞ்சம் கேமரா உயரத்தினுடையது. மிக் ஜாகர் அப்படியொன்றும் பெரிய உருவம் கிடையாது.

சதுரத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். எல்பி தட்டின் உறை 12 அங்குலச் சதுரம். எதையும் வெட்டாமல் அப்படியே அட்டைக்குப் போகும். செவ்வகத்தில் எடுத்தால் யாருடைய தோளோ காதோ போகும்.

மார்ச் 8, கொஞ்சம் கழித்து

ஒரு 120 ரோலின் இன்றைய விலையைக் கேட்டவருக்கு: வேண்டாம், நிம்மதியாக இருங்கள்.

மார்ச் 12

1965 அமெரிக்கச் சுற்றுப்பயணம். அக்டோபர் 29 மாண்ட்ரியலில் ஆரம்பித்து டிசம்பர் 5 லாஸ் ஏஞ்சலிஸில் முடிந்தது. முதல் நிகழ்ச்சி கனடாவில் நடந்தாலும் அதை அமெரிக்கச் சுற்று என்றுதான் சொல்கிறார்கள். மாங்கோவிட்ஸ் கூடவே போனார். விமானத்தில், உடை மாற்றும் அறையில், மேடையின் பின்பக்கம், ஹாலிவுட்டில் இருந்த ஆர்சிஏ ஒலிப்பதிவுக் கூடத்தில் என்று எல்லா இடத்திலும் இருந்தார்.

இன்றைக்கு ஒரு பெரிய ராக் கச்சேரிக்குப் படம் எடுக்கப் போகிறவர்களுக்கு விதி தெரியும். முதல் மூன்று பாட்டு மட்டும், ஃப்ளாஷ் கூடாது, மேடைக்கு முன்னாலுள்ள பள்ளத்தில் நின்று எடுக்க வேண்டும், அப்புறம் வெளியே போக வேண்டும். மூன்றாவது பாட்டு முடியும்வரை பாடகருக்கு வேர்த்துக்கூட இருக்காது. 1965-இல் இப்படி ஒரு விதியை யோசிக்க ஆளே இல்லை. இந்தப் பாட்டுக்காரர்கள் இன்னும் இரண்டு வருஷம் தாங்குவார்களா என்பதே அன்று பலருக்குச் சந்தேகம். இரண்டு வருஷத்தில் மறக்கப்படப் போகிறவர்களுக்கு எதற்கு வேலி?

டிசம்பர் 3, சாக்ரமென்டோவில் மேடையிலேயே கீத் ரிச்சர்ட்ஸுக்கு மின்சாரம் தாக்கியது. கிதாரால் மைக்கைத் தட்டினார், தூக்கி எறிந்தது, மயங்கி விழுந்தார். அவர் போட்டிருந்த செருப்பின் தடித்த அடிப்பாகம்தான் காப்பாற்றியது என்று சொல்வார்கள். அதற்குப் பிறகு அவர் செய்தவற்றையெல்லாம் பார்த்தால், மின்சாரம்தான் பயந்து விலகியிருக்கும் என்று நினைக்கத் தோன்றுகிறது.

மார்ச் 13

நேற்று எழுதியதைத் தொடர்ந்து என் அனுபவம் ஒன்று. எனக்கு இருபது வயதிருக்கும்போது எங்கள் ஊர் மெல்லிசைக் குழு ஒன்றைக் கோயில் திருவிழாக்களில் தொடர்ந்து எடுத்தேன். டிரம்ஸ் வாசித்தவனும் நானும் ஒரே டீக்கடை. வேனில் சாமான்களுக்கு மேலே உட்கார்ந்து போவேன். அக்கார்டியன்காரர் சட்டையில்லாமல் கால் கழுவுவது, பாடகி ஒப்பனைக்குக் கண்ணாடி கிடைக்காமல் வேனின் பக்கக் கண்ணாடியில் பார்ப்பது எல்லாம் என் ரோல்களில் இருந்தது.

அடுத்த வருஷம் அவர்களுக்கு நோட்டீஸ் அடிக்க நல்ல படம் வேண்டியிருந்தது. ஸ்டுடியோ முதலாளியே நேரில் எடுத்தார். தொழில் தெரிந்தவர், என்னைவிட நூறு மடங்கு. "தாடையைக் கொஞ்சம் இறக்குங்க, தோளை விடுங்க, மூச்சைப் பிடிங்க." வெளிச்சம் அற்புதம். அப்புறம் நெகட்டிவில் பென்சிலால் டச்சிங் செய்து முகப்பரு, கண்ணுக்குக் கீழே கருப்பு எல்லாவற்றையும் எடுத்தார். படத்தில் எட்டுப் பேரும் வங்கி மேலாளர்கள் மாதிரி இருந்தார்கள்.

அறுபதுகளின் தொடக்கத்தில் லண்டனிலும் நிலைமை ஏறக்குறைய இதுதான். பாட்டுக் குழுக்களை நடுவயதுத் தொழில்காரர்கள் எடுத்தார்கள். ஒரே மாதிரி உடுப்பு, வரிசையாக நின்று ஒரே நேரத்தில் குதிப்பது, பல்லெல்லாம் தெரியச் சிரிப்பது. மாங்கோவிட்ஸ் மாதிரிப் பையன்கள் கொண்டுவந்த புதுமை என்று பார்த்தால், அவர்கள் ஒழுங்குபடுத்தவில்லை. தலை சீவாமல் வந்தால் சீவாத தலையை எடுத்தார்கள். சொல்வது சுலபம். கையில் கேமரா இருக்கும்போது எதிரில் இருப்பவரின் காலரைச் சரிசெய்யாமல் விடுவதற்கு ஒரு தைரியம் வேண்டும். எனக்கு இன்றைக்கும் கை பரபரக்கும்.

மார்ச் 16

காலர் என்றதும் நேராக ஸ்டோன்ஸின் 'பிட்வீன் த பட்டன்ஸ்' ஆல்பத்தின் அட்டைக்குப் போக வேண்டியதுதான். 1967 ஜனவரி வெளியீடு. படம் எடுத்தது 1966 நவம்பர், வடக்கு லண்டனில் உள்ள பிரிம்ரோஸ் ஹில் என்ற மேட்டில்.

இரவெல்லாம் பார்ன்ஸில் உள்ள ஒலிம்பிக் ஒலிப்பதிவுக் கூடத்தில் வேலை. மாங்கோவிட்ஸும் அங்கேயே இருந்தார். விடியற்காலையில் எல்லோரும் வெளியே வரும் கோலத்தைப் பார்த்து இதைத்தான் எடுக்க வேண்டும் என்று முடிவு செய்தார். கண் எரிகிறது, முகம் வெளுத்திருக்கிறது, குளிர். அங்கிருந்து கார்களில் மேட்டுக்குப் போனார்கள். கருப்பு அட்டை, கண்ணாடி, வாசலின் களிம்பு மூன்றையும் வைத்துத் தன் கையாலேயே ஒரு வடிகட்டி செய்துவைத்திருந்தார். நடுவில் தெளிவாக, ஓரங்களில் கரைந்து போகும்படி. படத்தில் சுற்றிலும் உருகுவது போலத் தெரிகிறதே, அது இதுதான். கணினியும் இல்லை, இருட்டறை வித்தையும் இல்லை.

சரி, பிரையன் ஜோன்ஸ். அன்று காலை அவர் ஒத்துழைக்கவே இல்லை. கோட்டுக் காலருக்குள் முகத்தைப் புதைப்பார், தன் போக்கில் இருப்பார், ஒரு மாதிரி இளிப்பார். படம் கெட்டுவிடும் என்று மாங்கோவிட்ஸுக்குக் கவலை. ஓல்டத்திடம் சொன்னார். ஓல்டம் கவலைப்படாதே என்றார். பிரையன் என்ன செய்தாலும் அது ஸ்டோன்ஸ் படம்தான் என்பது அவருடைய கணக்கு.

இன்று அந்த அட்டையைப் பார்க்கிறவர்கள் கண் முதலில் எங்கே போகிறது? முன்னால் நடுவில் சார்லி நிற்கிறார், அமைதியாக. அப்புறம் நேராகக் காலருக்குள் புதைந்த அந்த முகத்துக்குத்தான். அடுத்த இரண்டரை ஆண்டில், 1969 ஜூலையில், பிரையன் இறந்துவிட்டார், 27 வயதில். குழுவிலிருந்து அவர் நழுவிக்கொண்டிருப்பதைக் காட்டும் படம் என்று இப்போது எல்லோரும் எழுதுகிறார்கள். அன்று அது வெறும் தொந்தரவு. எதிர்காலம் தெரிந்து யாரும் ஷட்டரை அழுத்துவதில்லை. ஆனாலும் அந்தத் தொந்தரவை வெட்டி எறியாமல் அட்டையில் போட்டார்களே, அது ஒரு முடிவுதான்.

கேள்வி கேட்ட தம்பி இந்த இடத்தைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். பெயர் பெற்ற படக்காரர் யாராவது எடுத்திருந்தால், பிரையன் ஒழுங்காகக் கேமராவைப் பார்த்த ஒரு படம் கிடைக்கும்வரை விட்டிருக்க மாட்டார். "யார் எடுத்தாலும்" என்பது அங்கே உடைகிறது.

மார்ச் 17

வாசலின் தடவியது ஏமாற்று வேலை என்கிறார் ஒருவர். அப்படியென்றால் மஞ்சள் வடிகட்டி போட்டு வானத்தைக் கருப்பாக்குவதும் ஏமாற்றுதான். அதை எல்லோரும் செய்தோம்.

அந்த ஆல்பத்தின் பின்பக்கத்தையும் திருப்பிப் பாருங்கள். கேலிச்சித்திரக் கட்டங்கள் இருக்கும். வரைந்தவர் டிரம்ஸ்காரர் சார்லி வாட்ஸ். அவர் முதலில் விளம்பர நிறுவனத்தில் வரைகலை வேலை பார்த்தவர்.

மார்ச் 23

ஹெண்ட்ரிக்ஸ் படத்தைப் பற்றி ஏன் இன்னும் எழுதவில்லை என்று இரண்டு பேர். எழுதுகிறேன், ஆனால் இதில் எனக்கு இரண்டு மனசு.

1967 தொடக்கத்தில் ஜிமி ஹெண்ட்ரிக்ஸ் தன் இரண்டு கூட்டாளிகள் மிட்ச் மிட்செல், நோயல் ரெட்டிங் ஆகியோருடன் மேசன்ஸ் யார்ட் ஸ்டுடியோவுக்கு வந்தார். மாங்கோவிட்ஸுக்கு 20, ஹெண்ட்ரிக்ஸுக்கு 24. சரிகை வேலை செய்த பழைய ராணுவச் சட்டை, வெறும் பின்புலம், கருப்பு வெள்ளை. சிரிக்கும் படங்களும் அந்த ரோல்களில் உண்டு. உலகம் எடுத்துக்கொண்டது முறைக்கும் படங்களைத்தான்.

அந்தப் படங்களுக்கு அன்று பெரிய பயன் ஏதும் கிடைக்கவில்லை என்பதுதான் வேடிக்கை. முதல் ஆல்பத்தின் இங்கிலாந்து அட்டை புரூஸ் ஃப்ளெமிங் எடுத்தது. அமெரிக்க அட்டை கார்ல் ஃபெரிஸ் எடுத்தது, கியூ தாவரவியல் தோட்டத்தில், மீன்கண் லென்ஸும் அகச்சிவப்பு நிற ஃபிலிமும் வைத்து. 1967-இல் எல்லோருக்கும் நிறம் வேண்டும், ஊதாவும் மஞ்சளும் குழைந்து வழிய வேண்டும். கருப்பு வெள்ளையில் மரியாதையாக எடுத்த முகம் யாருக்கு வேண்டும்? மாங்கோவிட்ஸ் இந்தக் கலைஞனைக் கனமான ஒரு உருவப்படமாக எடுக்க நினைத்தார், அந்தக் கனம் அன்றைய கடையில் விலை போகவில்லை. படங்கள் பெட்டியில் கிடந்தன. 1992-இல் ஒரு தொகுப்பு ஆல்பத்தின் அட்டைக்கு வந்த பிறகுதான் அவை சுவரொட்டி, பனியன், காப்பிக் கோப்பை வரைக்கும் போயின.

இப்போது இரண்டாவது மனசு. ஹெண்ட்ரிக்ஸ் விஷயத்தில் தம்பியின் வாதத்துக்குக் கொஞ்சம் வலு இருக்கிறது. அந்த மனிதரை யார் எடுத்த படத்திலும் ஏதோ ஒன்று இருக்கிறது. மேடையில் எடுத்தது, தெருவில் எடுத்தது, மங்கலாக வந்தது, எல்லாவற்றிலும். ஆனால் ஃபெரிஸின் படத்தைப் பார்த்தால் 1967 என்ற ஆண்டுதான் முதலில் தெரிகிறது, ஆள் அப்புறம். மாங்கோவிட்ஸின் படத்தில் ஆள் மட்டும்தான். சட்டையை எடுத்துவிட்டால் எந்த ஆண்டு என்றே சொல்ல முடியாது.

மார்ச் 24

அப்பா செல்வாக்கு பற்றி இன்னொரு தடவை யோசித்தேன். 4-ஆம் தேதி அதைச் சும்மா ஒத்துக்கொண்டு கடந்துவிட்டேன். அது போதாது. செல்வாக்கால் கதவு திறப்பது சின்ன விஷயம், கதவு ஓல்டம் மூலமாகவும் திறந்திருக்கும். பீட்டர் செல்லர்ஸ் வந்து போகும் வீட்டில் வளர்ந்த பையனுக்குப் புகழைப் பார்த்து வாய் பிளக்கத் தெரியாது. மிக் ஜாகர் அவனுக்கு இன்னொரு ஆள், அவ்வளவுதான். வசதியான வீடு அவனுக்குக் கொடுத்தது இந்தக் கூச்சமின்மையை. அதைக் கற்றுக்கொள்ள மற்றவர்களுக்குப் பத்து வருஷம் ஆகிறது, சிலருக்கு வருவதே இல்லை.

மார்ச் 30

லண்டனை விட்டு ஜெர்மனியின் ஹாம்பர்க் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். இளவயதுப் படக்காரர் என்றால் அங்கே தொடங்குவதுதான் நியாயம்.

1960 இலையுதிர் காலம். பீட்டில்ஸ் அப்போது ஐந்து பேர். ஜான், பால், ஜார்ஜ், ஸ்டுவர்ட் சட்கிளிஃப், பீட் பெஸ்ட். அந்த ஊரின் இரவுக் கேளிக்கைத் தெருவான ரீப்பர்பான் பக்கத்து மதுக்கடைகளில் விடிய விடிய வாசிக்கும் கூலி வேலை. இங்கிலாந்தில் அவர்களை லிவர்பூலுக்கு வெளியே அறிந்தவர்கள் இல்லை. ஆஸ்ட்ரிட் கிர்ஹெர், 22 வயது, புகைப்படக் கலைஞர் ரைன்ஹார்ட் வுல்ஃபின் உதவியாளர். ஐந்து பேரையும் கண்காட்சித் திடலுக்குக் கூட்டிப்போனார். ராட்டினம் ஏற்றும் லாரிகள், இரும்புச் சட்டங்கள், அவற்றின் மேலும் முன்னாலும் தோல் சட்டையோடு ஐந்து பேர். அவர் கையில் இருந்தது ரோலைகார்ட், அதாவது என் யாஷிகாவின் ஜெர்மன் அக்கா. சிரிக்கச் சொல்லவில்லை. பொருட்காட்சித் திடல், ஆனால் ஒரு பலூன்கூடப் படத்தில் இல்லை.

முகத்தின் ஒரு பாதி வெளிச்சத்திலும் மறுபாதி இருட்டிலும் இருக்கும்படி அவர் எடுத்த படங்கள் பீட்டில்ஸுக்கு ரொம்பப் பிடித்தவை. 1963 ஆகஸ்டில் ராபர்ட் ஃப்ரீமன் போர்ன்மவுத் ஹோட்டல் ஒன்றில் ஜன்னல் வெளிச்சத்தில் 'வித் த பீட்டில்ஸ்' அட்டையை எடுத்தபோது அந்தப் படங்கள்தான் முன்மாதிரி. உலகம் ஃப்ரீமன் படத்தைப் பார்த்தது. ஆஸ்ட்ரிட் படத்தைப் பார்க்க ரொம்ப நாள் ஆனது.

ஸ்டுவர்ட்டும் ஆஸ்ட்ரிட்டும் திருமணம் நிச்சயித்துக்கொண்டவர்கள். 1962 ஏப்ரலில் மூளையில் ரத்தக் கசிவால் ஸ்டுவர்ட் இறந்தார், 21 வயது. அதற்குப் பிறகு அவர் ஓவியம் வரைந்த மாடி அறையில் ஜானையும் ஜார்ஜையும் ஆஸ்ட்ரிட் எடுத்த படம் ஒன்று உண்டு. ஜான் உட்கார்ந்திருக்கிறார், ஜார்ஜ் பின்னால் நிற்கிறார். ஜார்ஜுக்கு 19 வயதுதான், ஆனால் அந்தப் படத்தில் அவர்தான் பெரியவர். இதைப் பற்றி நான் அதிகம் எழுத விரும்பவில்லை, தேடிப் பாருங்கள்.

அறுபதுகளின் நடுவிலேயே ஆஸ்ட்ரிட் படம் எடுப்பதை ஏறக்குறைய விட்டுவிட்டார். எல்லோருக்கும் அவரிடம் வேண்டியது பீட்டில்ஸ் மட்டும். 2020-இல் காலமானார்.

மார்ச் 30, இரவு

ஹாம்பர்க் என்றால் யூர்கன் ஃபோல்மரை விட முடியாது. ஆஸ்ட்ரிட்டின் நண்பர், கூச்ச சுபாவம். 1961-இல் ஒரு வீட்டு வாசலில் ஜானைச் சாய்ந்து நிற்க வைத்து, மற்றவர்களைக் குறுக்கே நடக்கச் சொன்னார். ஷட்டரை மெதுவாகத் திறந்து மூடியதால் ஜான் மட்டும் தெளிவு, நடந்தவர்கள் வெறும் நிழல். அந்த நிழல்கள் பால், ஜார்ஜ், ஸ்டுவர்ட். 1975-இல் ஜான் லென்னன் தன் 'ராக் அண்ட் ரோல்' ஆல்பத்துக்கு அதையே அட்டையாகப் போட்டார். உலகத்தின் மிகப் பிரபலமான மனிதர்களில் ஒருவரான பால் மெக்கார்ட்னி அடையாளம் தெரியாமல் மங்கிப்போய் அட்டையில் நடந்து போகிறார். எந்தப் பெரிய படக்காரர் இனிமேல் அவரை அப்படி நடக்கச் சொல்ல முடியும்?

ஏப்ரல் 6

நெகட்டிவ் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி வந்திருக்கிறது. இதுதான் எனக்கு வயிறு எரியும் இடம்.

இங்கிலாந்தின் 1956 பதிப்புரிமைச் சட்டப்படி, ஒருவர் காசு கொடுத்துப் படம் எடுக்கச் சொன்னால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை அவருக்கு. எடுத்தவருக்கு அல்ல. 1988 சட்டம் வந்துதான் அது தலைகீழானது. அறுபதுகளில் அங்கே வேலை செய்த பலர் தங்கள் படத்தின் மேல் உரிமை கோர முடியாமல் போனதற்கு இது ஒரு காரணம். யாரும் அன்று ஒப்பந்தம் எழுதவில்லை. படத்துக்கு இரண்டு வாரம்தான் ஆயுசு என்று எல்லோரும் நினைத்தார்கள். மாங்கோவிட்ஸின் தொகுப்பு அவர் கையில் தங்கியது, அதனால்தான் ஐம்பது ஆண்டு கழித்தும் அவரால் கண்காட்சி வைக்க முடிகிறது.

நம் இந்தியப் பதிப்புரிமைச் சட்டம் 1957-ஐச் சேர்ந்தது, அந்த ஆங்கிலச் சட்டத்துக்கு அடுத்த வருஷம். அதன் 17-ஆவது பிரிவு இன்றும் அதையேதான் சொல்கிறது. பணம் கொடுத்து எடுக்கச் சொன்னவரே முதல் உரிமையாளர், மாற்றி எழுதிக்கொண்டால் ஒழிய. கல்யாணப் படம் எடுக்கிற தம்பிகள் இதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். மணமக்கள் படத்தை உங்கள் விளம்பரத்தில் போடுவதற்கு முன் ஒரு வரி எழுதி வாங்குங்கள்.

என் கதை: மேலே சொன்ன மெல்லிசைக் குழுவின் டிரம்ஸ்காரன் படம் ஒன்றை ஒரு கேசட் நிறுவனம் அட்டையில் போட்டது. யாரும் பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படம் இல்லை அது, என் சொந்த ஃபிலிம். பெயரும் போடவில்லை, பைசாவும் தரவில்லை. கேட்கப் போனேன். டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார்கள். டீ நன்றாக இருந்தது.

சாமர்த்தியசாலி என்றால் அமெரிக்கப் படக்காரர் பாரன் வுல்மன். 1967-இல் ரோலிங் ஸ்டோன் என்ற இசைப் பத்திரிகை (ஸ்டோன்ஸ் குழு வேறு) தொடங்கியபோது கொடுக்கக் காசு இல்லை. சரி, சம்பளம் வேண்டாம், படத்தின் உரிமை என்னிடம் இருக்கட்டும் என்றார். அன்று அது தியாகம் மாதிரித் தெரிந்திருக்கும்.

ஏப்ரல் 7

"பெண்கள் யாரும் இல்லையா, ஆஸ்ட்ரிட்டைத் தவிர?" லிண்டா ஈஸ்ட்மன். நியூயார்க்கில் ஒரு பத்திரிகை அலுவலகத்தில் வரவேற்பாளர். 1966 ஜூனில் ஹட்சன் ஆற்றில் ஒரு படகில் ஸ்டோன்ஸைச் சந்திக்க அந்தப் பத்திரிகைக்கு வந்த அழைப்பை இவர் எடுத்துக்கொண்டு போனார். அன்று எடுத்த படங்கள்தான் தொடக்கம். 1968 மே மாதம் ரோலிங் ஸ்டோன் அட்டையில் இவர் எடுத்த கிதார் கலைஞர் எரிக் கிளாப்டனின் படம் வந்தது. அந்தப் பத்திரிகையின் அட்டைக்குப் படம் தந்த முதல் பெண் இவர். பால் மெக்கார்ட்னியைக் கட்டிக்கொண்டது அடுத்த வருஷம். ஆகவே "கணவர் புண்ணியத்தில்" என்று யாராவது எழுத வந்தால் தேதியைப் பார்த்துவிட்டு எழுதவும்.

ஏப்ரல் 12

கோவைத் தம்பி திரும்பி வந்திருக்கிறார். பிரிம்ரோஸ் ஹில் படம் வரை ஒத்துக்கொள்கிறாராம். ஆனால் இன்றைக்கு இதே மாதிரி ஓர் 18 வயதுப் பையனுக்கு வாய்ப்பே இல்லை, அதனால் இதெல்லாம் பழம்பெருமை என்கிறார்.

பெரிய பெயர்களிடம் இல்லைதான். அங்கே மேலாளர், வக்கீல், படத்தை முன்கூட்டிப் பார்த்து ஒப்புதல் தரும் ஆள் என்று மூன்று சுவர். ஆனால் மாங்கோவிட்ஸ் போனபோது ஸ்டோன்ஸ் முதல் ஆல்பம் போட்டு ஒரு வருஷம்கூட ஆகவில்லை. ஆஸ்ட்ரிட் போனபோது பீட்டில்ஸ் பெயர் தெரியாத பையன்கள். இப்போது உங்கள் கல்லூரியில் நான்கு பேர் கிதார் வைத்துக்கொண்டு மொட்டை மாடியில் கத்திக்கொண்டிருப்பார்கள். அவர்களோடு இரண்டு வருஷம் சுற்றுங்கள். 99 சதவீதம் அவர்கள் ஐடி வேலைக்குப் போய்விடுவார்கள், படம் வீட்டு அலமாரியில் கிடக்கும். அந்தச் சூதாட்டம் 1960-லும் அப்படியேதான் இருந்தது. ஜெயித்தவர்களின் படத்தை மட்டும் நாம் பார்க்கிறோம்.

ஏப்ரல் 13

வாசலின் முறையை வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு, மூன்று பேர் கேட்டதால்:

லென்ஸில் நேராகத் தடவாதீர்கள், பூச்சு போய்விடும். மலிவான யுவி வடிகட்டி ஒன்றை வாங்கி அதன் மேல் தடவுங்கள். நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு விட்டுவிடுங்கள். விரலை எந்தத் திசையில் இழுக்கிறீர்களோ அதற்குக் குறுக்காக வெளிச்சம் இழுபடும், ஆகவே வட்டமாகவும் இழுத்துப் பாருங்கள், நடுவிலிருந்து வெளியேயும் இழுத்துப் பாருங்கள். லென்ஸின் துவாரத்தை நன்றாகத் திறந்தே வையுங்கள், ரொம்பச் சுருக்கினால் தடவிய ஓரங்களின் வேலை குறைந்து, கரைகிற இடம் வெட்டினாற்போல் தெரியும். மொபைலிலும் செய்யலாம், ஆனால் கண்ணாடித் தகடு ஒன்றைத் தள்ளிப் பிடித்துக்கொண்டு செய்யுங்கள். வெயிலில் வாசலின் உருகி வழியும். லண்டன் நவம்பர் குளிரில் மாங்கோவிட்ஸுக்கு அந்தத் தொல்லை இருந்திருக்காது. இங்கே காலை ஆறு மணிக்கு முன்னால் முடித்துவிடுங்கள்.